நெல் வயலில் ஆளுயரப் பறவை

உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி மாவட்டங்களில் ஜூலை மழை பிடித்ததும் நெல் நடவு மும்முரமாகும். அதே வயல்களில், அதே வாரங்களில் சாரஸ் கொக்குகளும் கூடு கட்ட இடம் பார்க்கின்றன. நிமிர்ந்து நின்றால் ஆறடி வரை உயரம். பறக்கும் பறவைகளில் இதைவிட நெட்டையானது உலகில் இல்லை. சாம்பல் உடல், இளஞ்சிவப்புக் கால்கள், இறகில்லாத சிவந்த தலை.

நம்மூர் மரங்களில் அடையும் வெண்கொக்குகளின் இனமல்ல இது. சாரஸின் பின்விரல் குட்டையானது. கிளையைப் பற்ற உதவாது. அதனால் தரையில்தான் கூடு. தேங்கிய நீரின் நடுவே கோரையையும் தாளையும் பிடுங்கிப் போட்டு மேடாகக் குவிக்கும். பெரும்பாலும் 2 முட்டைகள். ஆணும் பெண்ணும் முறைவைத்து ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். நாயும் நரியும் நெருங்காமல் காப்பது சுற்றியிருக்கும் நீர்தான்.

ஜோடியாகக் குரல் கொடுப்பதைக் கேட்க வேண்டும்! கழுத்தை நிமிர்த்தி, அலகை வானுக்குத் தூக்கி, ஆண் ஒருமுறை கூவினால் பெண் இருமுறை கூவும். மூச்சுக்குழல் கொம்பு வாத்தியம்போல நீண்டு, மார்பெலும்புக்குள் வளைந்து கிடப்பதால் அந்தக் குரல் வெகுதூரம் போகும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தாம் வளர்த்த ஜோடிக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து, அவை அடைகாத்த விதத்தைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

கூடு இருக்கும் இடத்தில் கொஞ்சம் நெல் வீணாகும். விவசாயி பொறுத்துக்கொள்கிறார், இணைபிரியாத பறவை என்ற மரியாதை அவருக்கு. குஜராத்தில் சில ஊர்களில் புதுமணத் தம்பதியரைச் சாரஸ் ஜோடியைப் பார்க்க அழைத்துப்போவதுண்டு. இந்தப் பொறுமைதான் சாரஸை வாழவைக்கிறது. சரணாலய வேலி அல்ல. இந்தியாவின் சாரஸ்களில் பெரும்பாலானவை சரணாலயங்களுக்கு வெளியேதான் இருக்கின்றன. கூட்டைக் கலைக்காமல் விடும் விவசாயிக்கு அரசு பணம் கொடுத்தால் அது சலுகை ஆகாது, கூலி.

ஆனால் வயல் மட்டும் போதாது. குஞ்சு பறக்க மூன்று மாதமாகும். அதற்குள் அறுவடை வந்துவிடும். தண்ணீர் வடிந்த வயலிலிருந்து பெற்றோர் குஞ்சை நடத்திக் கூட்டிப்போக, பக்கத்தில் ஒரு குட்டையோ சதுப்போ வேண்டும். அவற்றைத்தான் தரிசு என்று சொல்லி மண்ணடித்து மேடாக்குகிறோம். எஞ்சியவற்றின் குறுக்கே மின்கம்பிகள் ஓடுகின்றன. இவ்வளவு கனமான பறவையால் கம்பியைப் பார்த்ததும் சட்டென்று விலக முடிவதில்லை. குட்டைகளுக்கு மேலே கம்பி இழுக்காமல் பாதையைச் சற்றுத் தள்ளிப் போட மின்வாரியங்களால் முடியும்.