கோழிப்பண்ணையில காசு தரையில இருக்கு: ஷெட் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

மாசச் சம்பளம் வருது, ஊர்ல அப்பா பேர்ல கொஞ்சம் நிலம் இருக்கு. கடன் வாங்கி ஒரு பிராய்லர் ஷெட் போட்டா கூடுதல் வருமானம் வருமேன்னு பல பேர் யோசிக்கிறீங்க. நாமக்கல், பல்லடம் பக்கம் ஒப்பந்த முறையில கோழி வளர்க்கிறவங்க நிறைய. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து கொடுக்கும். ஷெட், ஆள், தண்ணி, கரண்ட் நம்ம செலவு. பெரும்பாலும் தரையில பரப்புற கூளமும் நம்ம செலவுதான். பண்ணைக்காரங்க இதை ‘லிட்டர்’னு சொல்வாங்க.

“தரையில போடுற உமிதானே, எது மலிவோ அதைப் போட்டுக்கலாம்”னு நினைக்கிறீங்களா? அங்கதான் லாபம் ஓட்டையாகுது.

தரைக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

கோழிக்குப் பல் கிடையாது. தீவனத்தை அரைக்கிறது அரைவைப்பை. கறிக்கடையில ஈரலோட சேர்த்துக் கொடுப்பாங்களே, கெட்டியான சதை, அதுதான். கோழி நாள் முழுக்க தரையைக் கொத்திக்கிட்டே இருக்கும். மரச்சீவல் மாதிரி கொஞ்சம் கரடுமுரடான நார் அளவோட உள்ளே போனா, அரைவைப்பை நல்லா வேலை செய்து வலுவாகும், தீவனமும் நல்லா அரைபடும். ஆனா பொடியான மரத்தூளைக் குஞ்சுங்க தீவனம்னு நினைச்சுத் தின்னா, வயிறு நிறையும், சத்து இருக்காது. அதனாலதான் முதல் சில நாள் கூளத்து மேல பேப்பர் விரிச்சுத் தீவனம் போடுறாங்க.

அதைவிடப் பெரிய பிரச்சினை ஈரம். கூளத்துல ஈரம் 20 முதல் 25% வரை இருந்தா நல்லது. அதுக்கு மேல போகப் போக ரெண்டு பக்கமும் அடி விழும்:

- ரத்தக் கழிச்சல்: இதை உண்டாக்கும் காக்சிடியா கிருமியோட முட்டைங்க ஈரமும் சூடும் இருந்தா நோய் பரப்பத் தயாராகிடும். குடல் சுவர் புண்ணாகி, தின்ன தீவனம் உடம்புல ஒட்டாது.
- அம்மோனியா: எச்சத்துல இருக்கிற யூரிக் அமிலத்தை ஈரக் கூளத்துல உள்ள பாக்டீரியா சிதைக்கும்போது இந்த வாயு வரும். 25 பிபிஎம் தாண்டினா கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். கோழி சரியா தின்னாது, எடையும் ஏறாது.

இப்போ பணக் கணக்கு

ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆகுதுங்கிறதுதான் எஃப்.சி.ஆர். உதாரணமா, 5,000 கோழி, தலைக்கு 2 கிலோ, மொத்தம் 10,000 கிலோ.

- எஃப்.சி.ஆர். 1.6 என்றால் தீவனம் 16,000 கிலோ
- எஃப்.சி.ஆர். 1.7 என்றால் தீவனம் 17,000 கிலோ

வித்தியாசம் 1,000 கிலோ. தீவனம் கிலோ 40 ரூபாய்னு வெச்சா 40,000 ரூபாய். அதாவது உற்பத்திச் செலவு கிலோவுக்கு 4 ரூபாய் கூடுது. தீவனம் கம்பெனியோடதுதானேன்னு நினைக்காதீங்க. உற்பத்திச் செலவு ஏறினா முதல்ல போறது உங்க ஊக்கத்தொகை, அப்புறம் வளர்ப்புக் கூலியிலயும் கை வைப்பாங்க. கூளத்துல சில ஆயிரம் மிச்சம் பிடிச்சு இதை விடலாமா?

எந்தக் கூளம்?

- மரச்சீவல்: ஈரம் உறிஞ்சும், வயித்துக்கும் நல்லது. ரசாயனம் ஏத்தின மரமான்னு கேட்டுக்கோங்க.
- தேங்காய் நார்த்தூள்: தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியை இழுக்கும். ஆனா ஈரமாவே வந்து இறங்கும். வெயில்ல காயவெச்ச பிறகுதான் பரப்பணும்.
- நெல் உமி: கட்டி பிடிக்காது, ஆனா ஈரம் உறிஞ்சுறது குறைவு.
- கடலைத் தோல்: நனைஞ்சா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

கோடையில 2 அங்குலம் போதும், குளிர் காலத்துல கொஞ்சம் கூட்டிக்கலாம்.

கையால ஒரு டெஸ்ட்

ஒரு பிடி கூளத்தை எடுத்து அழுத்திட்டு விடுங்க. உருண்டையாவே நின்னா ஈரம் அதிகம். லேசா ஒட்டி உதிர்ந்தா சரி. ஒட்டவே இல்லாம தூசியாப் பறந்தா ரொம்பக் காய்ஞ்சிருக்கு.

கடன் வாங்குறதுக்கு முன்னாடி

1. தினமும் கூளத்தைக் கிளறி, ஒழுகுற தண்ணி நிப்பிளைப் பார்த்து, கட்டியான இடத்தை அள்ளப் போற ஆள் யாரு? இது சனி, ஞாயிறு மட்டும் பாக்குற வேலை இல்ல. அப்பா, அம்மா தலையில கட்டுறதா இருந்தா அவங்க கூலியையும் கணக்குல எழுதுங்க.
2. மழைக்காலத்துல காய்ஞ்ச கூளம் எங்க கிடைக்கும், எங்க சேமிப்பீங்க?
3. எஃப்.சி.ஆர். கூடினா கிலோவுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு ஒப்பந்தத்துல இருக்கா?
4. பேட்ச் முடிஞ்ச பிறகு கூளத்தை எருவா விக்கிற காசு யாருக்கு?

நாலுக்கும் பதில் இல்லாம இ.எம்.ஐ.யில கையெழுத்துப் போடாதீங்க. ஓடிக்கிட்டிருக்கிற ஒரு பண்ணைக்கு, முடிஞ்சா மழை நாள்ல, அனுமதி வாங்கிப் போங்க. உள்ளே நுழைஞ்சதும் கண்ணு எரிஞ்சா, அந்தப் பண்ணையோட லாபம் எங்க போகுதுன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.