உஷார்! கீபோர்டு ‘செத்துப்போச்சா’? உடனே போனை எடுக்காதீங்க!

யோசனையில் வலப்பக்க ஷிஃப்ட் மேல் விரலை வைத்தபடி 8 விநாடி இருந்துவிட்டால் போதும். ‘பீப்’ என்று ஒரு சத்தம், திரையில் ஒரு பெட்டி. அது என்ன கேட்கிறது என்று யார் படிக்கிறோம்? என்டரைத் தட்டுகிறோம். அதற்கப்புறம் எத்தனை வேகமாக அடித்தாலும் எழுத்து விழாது. ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தால் மெல்ல வரும்.

கீபோர்டு கெட்டுப்போகவில்லை. வைரஸும் இல்லை. விண்டோஸில் இருக்கிற ஃபில்டர் கீஸ் அது. கை நடுங்குகிறவர்கள் தெரியாமல் தொடும் எழுத்துகள் விழாமலிருக்க வைத்த வசதி. அதே ஷிஃப்டை மறுபடி 8 விநாடி பிடித்தால் அணைந்துவிடும்.

ஆபத்தே இனிமேல்தான். பதற்றத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் தேடுகிறோமே, மோசடிக் கும்பல் கடை விரித்திருப்பது அங்கேதான். போனை எடுப்பவர் தேனாகப் பேசுவார். “சார், சிஸ்டத்துல வைரஸ் பூந்திருக்கு. எனிடெஸ்க் போட்டு, அதுல வர்ற நம்பரைச் சொல்லுங்க” என்பார். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் அந்த ஆப் நல்ல ஆப்தான், கேட்கிற ஆள்தான் திருடன். சொல்லி, அனுமதியும் கொடுத்தால் உங்கள் மவுஸ் அவர் கையில். விண்டோஸ் பிழைகளைப் பதியும் ஈவென்ட் வியூவரைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டுவார். பயந்துவிடாதீர்கள், நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும். அடுத்தது உங்கள் பேங்க் கணக்குதான். தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பரே இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஃபில்டர் கீஸ் மாதிரி நம்மைக் குழப்பும் வசதிகள் இன்னும் சில உண்டு. ஷிஃப்டை 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வரும். கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தினசரி கூத்து. திரை திடீரென்று பூதாகரமாகிவிட்டதா? மேக்னிஃபையர்தான், விண்டோஸ் கீயோடு எஸ்கேப் அழுத்துங்கள். நிறமெல்லாம் மாறிக் கறுத்துப்போனால் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: விண்டோஸ் கீயோடு யு அழுத்தி அக்ஸசிபிலிட்டிக்குள் போய், கீபோர்டு பகுதியில் ஃபில்டர் கீஸ், ஸ்டிக்கி கீஸ் இரண்டுக்கும் உள்ள ஷார்ட்கட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். வீட்டில் கை நடுக்கமுள்ள பெரியவர் அதே கம்ப்யூட்டரைத் தொடுகிறார் என்றால் அணைக்காதீர்கள்; அவரை உட்கார வைத்து, எந்த வேகம் தோதாக இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொடுங்கள். அக்ஸசிபிலிட்டியிலேயே டெக்ஸ்ட் சைஸ் என்று ஒன்று இருக்கும். எழுத்தை 225 சதவீதம் வரை பெரிதாக்கலாம்.