வாசலுக்கு வரும் வினாக்கொத்து

இரண்டு பாத்திகளில் ஒன்றுக்கு மாட்டெருவும் மற்றதற்கு யூரியாவும் போட்டு, எதில் வெங்காயம் திறமாக விளைகிறது என்று பார்ப்பது எங்கள் தோட்டக்காரருக்குப் புதிதல்ல. படித்தவர்கள் அதைப் பரிசோதனை என்பர். ஆனால் இடப்பெயர்வு மனித மனத்தை என்ன செய்கிறது என்று அறிவதற்காக, சீட்டுக் குலுக்கிப் பாதிக் குடும்பங்களை ஊரைவிட்டு அனுப்ப எவருக்கும் உரிமையில்லை. நடந்து முடிந்ததைக் கேட்டும், பார்த்தும், ஒப்பிட்டுமே அறியவேண்டும். வினாக்கொத்தோடு உங்கள் வாசலுக்கு வருபவர்கள் செய்வது இதைத்தான்.

2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் அப்படியொரு ஆய்வு நடந்தது. இரண்டு முகாம்களையும் சேர்த்து 1517 வீடுகள் மாதிரியாகத் தெரிவுசெய்யப்பட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் பதில் கிடைத்தது. 2011 இல் முடிவு வெளியாயிற்று. மாவட்டம் முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள்; அவ்வேளை இடம்பெயர்ந்திருந்தோரிடமோ நூற்றுக்கு 42 பேரளவில்.

விடயம் இத்துடன் முடியவில்லை. இடம்பெயர்ந்தவர்களே போரின் கொடுமைகளைக் கூடுதலாகக் கண்டவர்கள். அவர்கள் பட்டவற்றையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்டபோது, இடப்பெயர்வுக்கும் அறிகுறிகளுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. உடனே, "இடப்பெயர்வால் பாதிப்பில்லை" என்று யாராவது ஒரு அதிகாரி எழுதிவிடலாம். அது பிழையான வாசிப்பு. ஓடும் வழியில் செல் விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இடப்பெயர்வு வேறு, இழப்பு வேறா? ஒரே தடவை எடுத்த கணக்கு, எது முந்தியது எது பிந்தியது என்றும் சொல்லாது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வட இலங்கை பற்றி 2007 இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. இலக்கங்களைத் தேடாமல், மக்களோடு இருந்து அவதானித்தும், விடயம் தெரிந்தவர்களோடு கதைத்தும் எழுதப்பட்டது அது. தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று அது காட்டியது: அயலாரில் சந்தேகம், வாய் திறவாமை, பிறர் கையை எதிர்பார்த்திருத்தல். இவற்றுக்கு வினாக்கொத்தில் கட்டம் போடுவது கடினம்.

நிவாரணம் கூடுமென்று கூட்டிச் சொல்வதும், வெட்கத்தில் குறைத்துச் சொல்வதும் உண்டு. பசித்தவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆயினும் அப்படிச் சொன்ன பதில்தான் பிறகு அறிக்கையாகி, உங்களைப் பற்றிய உண்மையாக நிற்கும். ஆகவே வருபவரிடம் முதலில் நீங்கள் கேளுங்கள்: யாருக்காக இந்த ஆய்வு? பெயரை எழுதுவீர்களா? முடிவை எங்களுக்கும் வந்து சொல்வீர்களா? விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அதற்காக ஒருவருக்குக் கிடைக்கும் உதவி குறையக்கூடாது என்பது ஆய்வாளர்களே ஏற்றுக்கொண்டுள்ள விதி.