புண் இல்லை, கிருமியும் இல்லை... பிறகு ஏன் அங்கே எரிகிறது?

பரிசோதனை முடிவில் ஒன்றுமில்லை. ஆனால் உட்கார்ந்தால் எரிகிறது. உள்ளாடை உரசினாலே குத்துகிறது. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் தெளிவான காரணமின்றி 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இந்த வலிக்கு வல்வோடினியா என்று பெயர்.

காயமே இல்லாமல் வலிக்குமா? வலிக்கும். உங்கள் வீட்டு காலிங் பெல்லை நினைத்துப் பாருங்கள். அழுத்தியவர் போய்விட்டார், ஸ்விட்ச் உள்ளே சிக்கிக்கொண்டது. வாசலில் யாருமில்லை, மணி மட்டும் ஓயவில்லை.

இந்த வலியும் அப்படித்தான். அடிக்கடி வந்த பூஞ்சைத் தொற்று போன்ற ஏதோ ஒன்று பெண்ணுறுப்பின் நரம்புகளை உசுப்பிவிட்டிருக்கலாம். தொற்று ஆறிய பிறகும் அவை அடங்குவதில்லை. லேசான தொடுதலையும் மூளைக்கு வலியாகவே சொல்கின்றன. வலிக்குப் பயந்து இடுப்படித் தசைகள் இறுகும். இறுகிய தசையும் வலிக்கும்!

எப்படிக் கண்டுபிடிப்பது? தொற்றோ தோல்நோயோ இல்லையென்று முதலில் உறுதிசெய்வார்கள். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு, வலிக்கும் இடத்தைக் குறிப்பார்கள்.

சிகிச்சை உண்டு, பொறுமை வேண்டும். தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பு போன்றவை உதவக்கூடும். மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதித் தந்தால், "எனக்கென்ன மனநோயா?" என்று கோபிக்காதீர்கள். நரம்பு வலிக்கும் அதைத் தருவதுண்டு.

கடையில் நீங்களாகவே வாங்கிய பூஞ்சைக் களிம்பை மாதக்கணக்கில் தடவாதீர்கள். மகளிர் நோய் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.