கவிழ்த்த மீன்தொட்டியும் கிணற்றுப் பம்பியும்

வீட்டில் அழகுக்காக மீன் வளர்ப்போர் சிலர் விசித்திரமான தொட்டியொன்றை அமைப்பதுண்டு. கண்ணாடிப் பாத்திரமொன்றை மீன்குளத்தினுள் முழுவதும் அமிழ்த்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வாய் கீழாகக் கவிழ்த்து மேலே உயர்த்துவர். அதன் வாய் நீருக்குள் இருக்கும்வரை பாத்திரத்திலுள்ள நீர் இறங்குவதில்லை. மீன்கள் குளத்து நீர்மட்டத்துக்கு மேலே ஏறி அதனுள் உலாவும்.

இந்நீரைத் தாங்குவது யாது? குளத்து நீரின்மேல் வெளிக்காற்று, சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் பாரமாக அழுத்துகின்றது. அவ்வளியமுக்கமே நீரை மேலே தாங்கி நிற்கின்றது. பாத்திரத்தின் உச்சியில் சிறு துவாரம் ஏற்படினும் காற்று உட்புகுந்து நீர் இறங்கிவிடும்.

இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1643ஆம் ஆண்டளவில் இவ்வமுக்கத்தை இரசத்தைக் கொண்டு ஆராய்ந்தார். கடல்மட்டத்தில் அது 76 சென்ரிமீற்றர் உயரமான இரசத்தை, அல்லது சுமார் 10.3 மீற்றர் உயரமான நீரைத் தாங்கும். அதற்குமேல் தாங்காது.

கமக்காரர் அறியவேண்டியது இதுவே. கிணற்றின் மேல் வைக்கும் பம்பி நீரை இழுப்பதில்லை. அது உறிஞ்சு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கின்றது. வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகின்றது. ஆகவே இயந்திரம் எவ்வளவு வலியதாயினும் 10.3 மீற்றருக்குமேல் உறிஞ்சமாட்டாது. குழாயின் உராய்வு முதலியவற்றால் நடைமுறையில் சுமார் 7 மீற்றரே கிடைக்கும். நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் வளியமுக்கம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. அங்கு 5 மீற்றருக்குள் அமைத்தல் நன்று.

கவனிக்க வேண்டியவை:

1. பம்பியை நீர்மட்டத்துக்கு இயன்றளவு அண்மையில் வைக்கவும். கோடையில் நீர் இறங்குவதையும் கணக்கிற் கொள்ளவும்.

2. உறிஞ்சு குழாயின் மூட்டுகளிற் காற்றுப் புகாதவாறு இறுக்கவும். கவிழ்த்த தொட்டியின் துவாரம் போலவே இங்கும் சிறு கசிவு நீரைத் தடுக்கும்.

3. இயக்குமுன் பம்பியையும் உறிஞ்சு குழாயையும் நீரால் நிரப்பவும்.

நீர் ஆழத்தில் உள்ளதெனக் கருதி, எண்ணெயில் இயங்கும் பம்பியைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. அது கிணற்றினுள் தேங்கி, இறங்குபவரையும் அவரை மீட்கச் செல்பவரையும் கொல்லும். ஆழக் கிணறுகளுக்கு, நீரில் அமிழ்ந்திருந்து நீரை மேலே தள்ளும் மின்பம்பியே தக்கது.

பம்பி வாங்குமுன் கோடைக்கால நீர்மட்டம்வரை கயிறிட்டு அளந்து, அவ்வளவுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.