ஓட்டுநர் உரிமம்: விசாரணைக்குச் செல்லுமுன்

நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்தில் சேர்ப்பதற்கும், காய்கறிகளை விடியுமுன் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கும் இன்று நம் கிராமங்கள் சிறு சரக்கு வண்டிகளையே நம்பியுள்ளன. அத்தகைய வண்டியை ஓட்டுபவரின் உரிமம் மூன்று மாதம் முடக்கப்படுமாயின், அவர் குடும்பம் மட்டுமன்றி, அவரை நம்பிய விவசாயிகளும் இடர்ப்படுவர். எனினும், இது குறித்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், அதனை அபராதச் சீட்டைப் போல் எண்ணி மடித்து வைத்துவிடுவோரே மிகுதி.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தும் காவல்துறை அலுவலர் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்பலாமே தவிர, அதனை முடக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. உரிமம் வழங்கும் அதிகாரியாகிய வட்டாரப் போக்குவரத்து அலுவலரே, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதனைச் செய்ய இயலும். அவரும் உரிமதாரரின் சொல்லைக் கேட்ட பின்னரே, காரணங்களை எழுத்தில் பதிந்து உத்தரவிட வேண்டும். அபராதம் செலுத்தியதனாலேயே இவ்விசாரணை நீங்கிவிடும் என்று கருதுதல் தவறு.

மிதவேகம் கடந்து ஓட்டுதல், ஆபத்தான முறையில் ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், தலைக்கவசம் அணியாமை முதலியவற்றுக்காகக் காவல்துறை உரிமத்தை அனுப்பியிருப்பின், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகாரி உரிமதாரரை விடுவிக்கலாம். அன்றேல், முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம். மறுமுறையாயின் உரிமமே ரத்தாகும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதலும் அளவுக்கு மீறிய பாரமும் வேறு வழியில் இதே 19ஆம் பிரிவுக்குள் வருவனவே. இவற்றுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் உரிமத்தை முடக்க வேண்டுமென்று, உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நடவுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் நம் வண்டிக்காரர்கள் இதனை நன்கு கவனிக்க வேண்டும்.

'பிள்ளைகுட்டிக்காரன், இரக்கம் காட்டுங்கள்' என்ற வேண்டுகோள் விசாரணையில் அதிகம் பயன்படாமைக்குக் காரணம் இதுவே. மூன்று மாதத்தை ஒரு மாதமாகக் குறைக்கும் வாய்ப்பு அதிகாரிக்கு அரிது. குற்றம் நிகழ்ந்ததா, அதனைச் செய்தவர் இவர்தாமா என்பதே கேள்வி. ஆகவே, ஆயத்தம் முழுவதும் அதனைச் சுற்றியே அமைதல் வேண்டும்.

அறிவிப்பில் கண்ட நாள், நேரம், இடம், வண்டி எண், சட்டப்பிரிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அன்று வண்டியை வேறொருவர் ஓட்டியிருப்பின், அவருடைய உரிம நகலும் அவர் கைப்பட எழுதிய வாக்குமூலமும் தேவை. பாரம் பற்றிய வழக்காயின், அன்றைய எடைமேடைச் சீட்டு நூறு சொற்களுக்கு மேல் பேசும். ஓட்டுநர் அறையில் ஆட்கள் மிகுதி என்பது குற்றச்சாட்டாயின், பதிவுச் சான்றில் குறித்துள்ள இருக்கை எண்ணிக்கையைக் காட்டலாம். நடந்ததை ஒரே தாளில், நாள்வாரியாக, மிகைப்படுத்தாமல் எழுதி இரு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் அலுவலக முத்திரை பெறுதல் நலம். வாய்ச்சொல் கோப்பில் ஏறாது என்பது எம் அலுவலக அனுபவமும் ஆகும்.

குறித்த நாளில் செல்ல இயலாவிடில், முன்கூட்டியே காரணத்தை எழுதி வேறு நாள் கேட்க வேண்டும். வராதவரின் சொல்லைக் கேளாமலே உத்தரவு பிறக்கக்கூடும். உரிமத்தில் பழைய முகவரி இருப்பின் அறிவிப்பு கைக்கு வராமலே போவதும் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைத் தம் பகுதி ஓட்டுநர்களுக்கு நினைவூட்டலாம்.

இடைக்காலத்தில் வண்டி ஓட்டுதல் கூடாது. மேற்கண்ட குற்றங்களுக்காகக் காவல்துறை உரிமத்தைக் கைப்பற்றும்போது தரும் ஒப்புகைச் சீட்டு, வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 10,000 அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்நேரத்தில் விபத்து நேருமாயின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு. இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில் விழும். ஆள் கிடைக்கவில்லையென்று அவரையே ஓட்டச் சொல்லும் உரிமையாளர், தம் நிலத்தையே ஈடு வைத்தவராவார்.

உத்தரவு பாதகமாக வந்தால், அது கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விதிகளில் குறித்த அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆதலின், உத்தரவு வந்த உறையைக் கிழித்தெறியாமல், கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தல் வேண்டும்.