போர் நடந்த மண்ணில் ஒயின் ரோடு!

பிரான்சு நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது அல்சாஸ். அதற்கு மேற்கே வோஜ் மலை. கிழக்கே ரைன் நதி. நதிக்கு அக்கரையில் ஜெர்மனி.

மலை அடிவாரத்தில் ஒரு ரோடு வளைந்து வளைந்து போகிறது. அதற்கு "ஒயின் ரோடு" என்று பெயர். வடக்கே மார்லன்ஹைம் என்ற ஊரில் தொடங்கி, தெற்கே டான் என்ற ஊரில் முடிகிறது. நீளம் 170 கிலோ மீட்டர்.

வழி நெடுக திராட்சைத் தோட்டங்கள்! மேற்கே இருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்து விடுகிறது. அதனால் இங்கே மழை குறைவு. திராட்சை நன்றாகப் பழுக்கிறது.

துப்பினால் கோபம் இல்லை

கிராமந்தோறும் ஒயின் தயாரிக்கும் குடும்பங்கள் உண்டு. காரில் வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பார்கள். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு வாயில் வைத்துச் சுழற்றி, அருகில் உள்ள பாத்திரத்தில் துப்பி விடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கார் ஓட்டுகிறவர் துப்பி விடுவதே நல்லது. ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் சாராயச் சத்து இருந்தாலே பிரான்சில் குற்றம்!

நாடு மாறிய மக்கள்

இந்த அழகான மண்ணுக்காக இரண்டு நாடுகள் சண்டை போட்டன.

1870-ம் ஆண்டு தொடக்கத்தில் இங்கே ஒரு குழந்தை பிறந்திருந்தால், அது பிரெஞ்சுக் குழந்தை. 1871-ல் ஜெர்மனி இந்தப் பகுதியை எடுத்துக் கொண்டது. 1918-ல் மீண்டும் பிரான்சு வந்தது. 1940-ல் ஹிட்லர் படை பிடித்தது. 1945-ல் மறுபடியும் பிரான்சு! 75 வயதுக்குள் 4 முறை நாடு மாறி விட்டது. வீடும் தோட்டமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

1942 முதல் ஊர் வாலிபர்களைக் கட்டாயப்படுத்தி ஜெர்மன் பட்டாளத்தில் சேர்த்தார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை.

தரைமட்டம்

1944-ம் ஆண்டு குளிர்காலத்தில் கொல்மார் நகரைச் சுற்றிலும் கடும் போர் நடந்தது. பென்விர் கிராமம் தரைமட்டம் ஆயிற்று. அம்மர்ஷ்விர் ஊரின் பெரும் பகுதி எரிந்து போயிற்று. அருகில் உள்ள ரிக்விர் தப்பியது. 400 ஆண்டுகளுக்கு முந்திய வீடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

போர் முடிந்ததும் மக்கள் வீடுகளைக் கட்டினார்கள். கொடிகளை நட்டார்கள். நட்ட கொடி பலன் தர 3 ஆண்டாவது ஆகும். பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு பழைய கிராமத்து ரோடுகளை ஒன்றாகச் சேர்த்து, 1953-ல் "ஒயின் ரோடு" என்று பெயர் சூட்டினார்கள். போர் முடிந்து 8 ஆண்டுதான் ஆகியிருந்தது!

சிகோல்ஷைம் என்ற ஊரில் குன்றின் மேல் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்த மண்ணை மீட்கப் போராடி மாண்ட 1,589 வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் வட ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்.

அவர்களைச் சுற்றிலும் திராட்சைக் கொடிகள் பச்சைப் பசேல் என்று படர்ந்து கிடக்கின்றன.